பாப்பாவை யார் பார்க்கிறீர்கள்?

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைத் தொட்டில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்றாவது மாடியில், அவள் வீட்டுக் கூடத்தில், இரண்டு தொட்டில்கள் எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்வார்கள். இப்போது இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு வக்கீல் என்று பேர் வைத்திருந்தாள். பசித்தாலும் வாதாடுவாள், ஊட்டி முடித்தாலும் வாதாடுவாள். இன்னொருவன் பெரியவர். எதற்கும் அவசரப்படாதவன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்காத குறைதான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் துணி ஊற்று மாதிரி சுரந்துகொண்டே இருக்கும். விரிப்பு, போர்வை, துண்டு, மறுபடியும் விரிப்பு. ஆனால் அந்தக் கட்டடத்தின் வீடுகளில் வாஷிங் மெஷின் வைக்க இடமும் கிடையாது, குழாயும் கிடையாது. கட்டடம் முழுமைக்கும் அடித்தளத்தில் ஒரே ஒரு மெஷின். அதன் வட்டக் கண்ணாடிக் கதவைப் பார்க்கும்போதெல்லாம், கடலுக்கு அடியில் போகும் ஏதோ கப்பலின் சன்னல் என்று அவளுக்குத் தோன்றும். உள்ளே நுரை புரளும். ஒற்றைக் காலுறை ஒன்று மீன் மாதிரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

கப்பல் அழகுதான். அதைச் சுற்றி நடந்த சண்டைகள் அழகில்லை. லிப்ட் தரைத்தளத்தோடு நின்றுவிடும். அதற்குக் கீழே படியில் இறங்க வேண்டும். மெஷின் காலியாக இருக்கிறதா என்று தெரிய இறங்கித்தான் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தால் திரும்பி ஏற வேண்டும். மறுபடி இறங்கினால் அதற்குள் வேறு யாராவது துணியைத் திணித்திருப்பார்கள். அதைவிட மோசம், மெஷின் நின்று வெகுநேரம் ஆகியும் துணிக்குச் சொந்தக்காரர் வராமல் இருப்பது.

தொட்டில் அக்காவால் நினைத்தபோது இறங்க முடியாது. குழந்தைகளைத் தனியே விட மாட்டாள். எதிர்வீட்டு டீச்சர் வந்து உட்கார்ந்தால்தான் நகர முடியும். டீச்சர் வீட்டிலேயே டியூஷன் எடுப்பவர்.

"ஒரு தடவைன்னா உக்காருவேன்மா. நீ இறங்கறதும் ஏறறதுமா இருந்தா நான் என்ன பண்ண? இந்த வக்கீல் என் மூக்குக் கண்ணாடிய எதிர்த்து கேஸ் நடத்தறா" என்பார்.

அந்த டீச்சரின் வெள்ளைச் சட்டைகள்தான் போன வாரம் அடித்தளத் தரையில் கிடந்தன. யாரோ மெஷினிலிருந்து ஈரத்தோடு அள்ளி, மண்ணும் எண்ணெய்க் கறையும் படிந்த தரையில் போட்டுவிட்டுத் தன் துணியைப் போட்டிருந்தார்கள். யார் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. டீச்சர் மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டிக் கேட்டார். இரண்டாம் மாடி டாக்ஸிக்காரர், "என்னைப் பாத்தா அப்படிச் செய்யறவன் மாதிரியா இருக்கு?" என்று எகிறினார். சத்தம் தெருவரை போனது.

மறுநாள் லிப்ட் கதவில் குடியிருப்போர் சங்கச் செயலர் ஒரு தாளை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மெஷினை எடுத்துவிட்டு, அந்த அறையைப் பக்கத்துச் சைக்கிள் கடைக்குச் சாமான் வைக்கக் கொடுப்பது பற்றி முடிவெடுக்கப்படும்.

தொட்டில் அக்கா அதை வக்கீலை இடுப்பில் வைத்துக்கொண்டு படித்தாள். மெஷின் போனால் விரிப்பு துவைக்க வழியில்லை. அழுக்கு விரிப்பில் எந்தத் தாய் குழந்தையைப் போடுவாள்? மெஷின் போகும் அன்றே தொட்டில்களும் நின்றுவிடும்.

"போனா போகுது விடு. வேற வேலை பாத்துக்கலாம்" என்றான் கணவன். பஸ் ஓட்டுபவன், எதையும் அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற சுபாவம்.

"எனக்கு வேற வேலை வேணாம். இதுதான் வேணும்."

"அதுக்கு? அந்த மெஷின் பக்கத்துலயே பாய் போட்டு உக்காரப் போறியா?"

"தேவைப்பட்டா உக்காருவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வது என்று அவளுக்கும் புரியவில்லை.

வழி தற்செயலாகத்தான் வந்தது. குழந்தைகள் கூடத்தில் தூங்கும்போது, அவள் ஒரு பழைய கைபேசியைத் தொட்டிலருகில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போவாள். அதில் ஒரு செயலி உண்டு. குழந்தை அழும் சத்தம் கேட்டால் அவள் கையில் இருக்கும் கைபேசிக்குச் சொல்லிவிடும். அன்று விரிப்பைச் சுருட்டும்போது அந்தப் பழைய கைபேசியும் உள்ளே போயிருந்தது. மெஷினில் துணியைத் திணிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. நல்லவேளை என்று அதை மெஷின் மேல் வைத்தவள், எடுக்க மறந்து மேலே வந்துவிட்டாள்.

பெரியவருக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவள் கைபேசி தேன் குரலில் சொன்னது: "உங்கள் குழந்தை அழுகிறது."

பதறிப்போய்ப் பார்த்தாள். பெரியவர் கண்ணெதிரே கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். வக்கீல் தரையில் உட்கார்ந்து ஒரு மூடியோடு விவாதத்தில் இருந்தாள். இந்த வீட்டில் மூன்றாவது குழந்தை கிடையாதே? ஒரு கணம் அவளுக்குச் சிலிர்த்தது. பூமிக்கு அடியில், இருட்டில், தனக்குத் தெரியாத ஒரு குழந்தை தன்னை நினைத்து அழுகிறது போல.

பிறகு சிரித்துவிட்டாள். மெஷின் துணியைப் பிழிகிறது. அந்த உறுமல்தான் அழுகை.

கொஞ்ச நேரத்தில் அதே தேன் குரல்: "உங்கள் குழந்தை தூங்கிவிட்டது. யார் பார்க்கிறீர்கள்?"

டீச்சரை உட்காரவைத்துவிட்டு இறங்கிப் பார்த்தாள். மெஷின் அப்போதுதான் நின்றிருந்தது. கண்ணாடியில் கை வைத்தால் இன்னும் சூடு இருந்தது.

அன்றே வேலையை ஆரம்பித்தாள். கைபேசியை மெஷின் மேலேயே வைத்தால், பிழியும்போது ஆடி ஆடி விளிம்புக்கு வந்து விழுந்தது. சன்னலோரம் வைத்தால் தெருவில் போகிற மோட்டார் சைக்கிளெல்லாம் குழந்தையாகி அழுதன. சுவரில் ஒட்டினால் காதே கேட்கவில்லை. சார்ஜர் வயர் எட்டவில்லை. கணவனின் கருவிப் பெட்டியிலிருந்து நீளமான வயரை எடுத்துக்கொண்டாள். கடைசியில் பெரியவரின் கம்பளிக் காலுறைக்குள் கைபேசியைப் போட்டு, மெஷின் பின்னாலிருந்த தண்ணீர்க் குழாயில் துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். விழவில்லை. வெளிச் சத்தமும் கேட்கவில்லை. மெஷின் முனகினால் மட்டும் அழுதது.

"அதுக்குக் குளிரும்னு காலுறை போட்டிருக்கியா?" என்றான் கணவன்.

"ஆமா. குழந்தைன்னு ஆனப்புறம் நல்லாப் பாத்துக்கணும் இல்ல?"

தனக்கு மட்டும் தெரிந்தால் போதாது. எல்லோருக்கும் தெரிய வேண்டும். செயலியில் குடும்பத்தாரைச் சேர்க்க வழி இருந்தது. ஆனால் அது முதலில் குழந்தையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டது. பேர்? பாப்பா. எடை? மெஷின் பின்னால் பொறித்திருந்ததைப் பார்த்து அப்படியே போட்டாள். உடனே சிவப்பு எழுத்தில், "உங்கள் குழந்தையின் எடை மிக அதிகம். மருத்துவரை அணுகவும்" என்று வந்தது. சேர்பவர் ஒவ்வொருவருக்கும் உறவுமுறை கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்றோ இரண்டாம் மாடி என்றோ போட வழியில்லை. உறவுதான் போட்டாக வேண்டும். அவள் அம்மா. கணவனை அப்பா என்று போட்டாள்.

"மெஷினுக்கு நான் அப்பாவா? டிப்போல தெரிஞ்சா மானம் போயிடும்டி."

"பெத்தவங்க பேசற பேச்சா இது?"

ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். டீச்சர் அத்தை ஆனார். டாக்ஸிக்காரர், "சித்தப்பான்னு போடுங்கக்கா, இளமையா இருக்கும்" என்றார். சிலர் சிரித்துக்கொண்டே சேர்ந்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சாத்தியவர்கள் வீட்டுக்குச் சாயங்காலம் மறுபடி போனாள். எல்லோரிடமும் ஒரே பாடம்தான் சொன்னாள்.

"பாப்பா அழுதா மெஷின் ஓடுதுன்னு அர்த்தம், யாரும் இறங்க வேணாம். தூங்கிட்டான்னு வந்தா, யார் துணியோ அவங்க 'நான் பார்க்கிறேன்'னு அமுக்கிட்டு இறங்கணும். அமுக்கற வரைக்கும் எல்லார் போனும் கத்திக்கிட்டே இருக்கும்."

"எல்லார் போனுமா?"

"எல்லார் போனும். சொந்தக் குழந்தைன்னா சும்மா விடுவோமா?"

செயலர் மட்டும் அசையவில்லை. "இந்த வயசுல நான் மெஷினுக்குத் தாத்தாவா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசிக்கலாம்மா" என்று கதவை மென்மையாகச் சாத்தினார்.

கூட்டம் தரைத்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி வரிசையில், விடியற்காலை டூட்டி முடித்து வந்த அவள் கணவன் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். செயலர் எழுந்து தொண்டையைச் செருமினார். சண்டைகளைப் பற்றிச் சொன்னார். தெருவே வேடிக்கை பார்த்ததைச் சொன்னார்.

"அக்கா ஏதோ பொம்மை விளையாட்டு கண்டுபிடிச்சிருக்காங்க. நல்ல மனசு. ஆனா ஜனங்க மாறமாட்டாங்க. மெஷின் போனா சண்டையும் போச்சு."

அந்த நேரம் பார்த்துக் கீழே பாப்பா தூங்கிவிட்டாள். எல்லார் கைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேன் குரலில் கேட்டன: "யார் பார்க்கிறீர்கள்?"

ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி: "உங்கள் குழந்தையை யாரும் பார்க்கவில்லை." சட்டைப் பைகள், கைப்பைகள், மடிகள் எல்லாம் சேர்ந்து கேட்டன. மறுபடி. மறுபடி.

"பாத்தீங்களா?" செயலர் கையை விரித்தார். "இதைத்தான் சொல்றேன். போட்டவர் இங்கதான் இருக்கார். எழுந்திருக்கறாரா? எந்தச் செயலி வந்தாலும் இதுதான் கதை."

முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்பதுபோல் ஆடின. யாராக இருக்கும்? தொட்டில் அக்கா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அப்போதுதான், கூட்டத்துக்குக் கிளம்பும்போது கண்டும் காணாமல் விட்டது நினைவுக்கு வந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்கும் காக்கிச் சட்டை இன்று அங்கே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் அவன் யோசித்துக்கொண்டிருக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தான். கைபேசியை வாயடைத்து வைத்திருந்தான்.

தன் கைபேசியிலேயே பொத்தானை அமுக்கிவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. அம்மா பார்க்கிறார் என்று வரும், அவ்வளவுதான். கட்டைவிரல் பொத்தான்வரை போய்விட்டது.

ஆனால் நாளைக்கு வேறொருவர் தூங்குவார். அப்போது யாரை எழுப்ப முடியும், சொந்த வீட்டையே எழுப்பாதவளால்?

எழுந்து நின்றாள். கட்டடமே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏங்க! உங்க யூனிஃபார்ம். எழுந்து போங்க!"

அவன் திடுக்கிட்டு எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "எந்த ஸ்டாப்பு?" என்றான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. காது சிவந்தது. கைபேசியை எடுத்து அமுக்கிவிட்டுப் படிப்பக்கம் நடந்தான். அத்தனை கைபேசிகளும் ஒரே மூச்சில் சொல்லி அடங்கின: "அப்பா பார்க்கிறார்."

"அப்பா நல்லாப் பாக்கறார்" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

டாக்ஸிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "செயலர் சார், ஒண்ணு சொல்றேன். பழைய மாதிரி இருந்தா, இந்நேரம் நான் கீழ போய் அந்தக் காக்கியையும் அள்ளித் தரையில போட்டிருப்பேன். இப்ப பாருங்க, சிரிச்சுக்கிட்டு நிக்கறேன்."

டீச்சர் மெல்லத் திரும்பினார். "காக்கியையும்னா? அதுக்கு முன்னாடி எதைப் போட்டீங்க?"

டாக்ஸிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப என் சட்டை?"

"டீச்சர், கோபத்துல... ஏர்போர்ட் சவாரிக்கு நேரமாச்சு, மெஷின்ல துணி ஊறிக்கிட்டே கிடந்துச்சு..." அவர் குனிந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் டீச்சர் தயாராக வைத்திருந்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டார். "வாங்க, இதை நானே கீழ கொண்டுவந்து வைக்கறேன்."

"தரையில வைக்காதீங்க" என்றார் டீச்சர். இரண்டு பேரும் படியிறங்கினார்கள்.

தொட்டில் அக்கா உட்காரவில்லை.

"சார், ஜனங்க மாறமாட்டாங்கதான். எங்க வீட்டு ஆளும் மாறமாட்டார். அதனாலதான் எழுப்பறதுக்கு ஒண்ணு வேணும். எனக்கு அந்த மெஷின் வேணும். அதைக் காப்பாத்த என்னவெல்லாம் செய்யணுமோ செய்வேன். வாரா வாரம் காலுறையத் துவைச்சும் போடுவேன்."

"மெஷின் இருக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார் செயலர், பெருமூச்சோடு.

கைகள் எழுந்தன. படியின் மேல்முனையில் காக்கிச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்ற அவள் கணவனும், ஈரக் கை ஒன்றைத் தூக்கினான். எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் செயலர் அவளருகில் வந்து தயங்கினார். "என்னையும் அதுல சேத்துடும்மா. ஆனா தாத்தா வேணாம்."

"பெரியப்பா?"

"ம். பெரியப்பா சரி."

மறுநாள் காலை பெரியவர் தொட்டிலிலிருந்து நிதானமாக ஒரு விரிப்பை நனைத்தார். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தொட்டில் அக்கா கைபேசியைப் பார்த்தாள். பாப்பா தூங்கிவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை கத்தியது. மூன்றாம் முறை கத்தியபோது மாடிகளிலிருந்து கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. செயலர் விடியற்காலையில் பக்கெட்டோடு படியிறங்கியதை அவள் பார்த்திருந்தாள். அவள் வக்கீலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, படிக்கட்டின் நடுவே இருந்த இடைவெளியில் எட்டிப் பார்த்து, கீழே முதல் மாடியில் செயலர் வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"பெரியப்பா! குழந்தை காத்துக்கிட்டிருக்கு!"

வக்கீலும் தன் பங்குக்குக் கத்தினாள். முதல் மாடியில் ஒரு கதவு அவசரமாகத் திறந்தது.