இரண்டாம் இடம் இல்லாத பட்டியல்

உலகப் போட்டியின் முடிவுகளை மருமகள் கார்த்திகா கைப்பேசியில் காட்டியதும், லோகநாயகி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள். தலை முன்னால் போகச் சறுக்குவண்டியில் குப்புறப் படுத்துப் பனிக்கட்டிப் பாதையில் சறுக்கி இறங்குகிற போட்டி. ஸ்கெலிட்டன் என்று பெயராம். நான்கு ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டினால் இரண்டு பெண்கள் இம்மியும் பிசகாமல் ஒன்றாக வந்திருந்தார்கள். பட்டியலில் 1, மறுபடியும் 1, அப்புறம் 3.

“ரெண்டு எங்கம்மா போச்சு?”

“ரெண்டு பேருக்கும் தங்கம், அத்தை. வெள்ளி யாருக்கும் கிடையாது.”

லோகநாயகிக்கு உரித்த வெங்காயம் மறந்துபோனது. பதினான்கு வயதில் அவளும் இப்படித்தான் குப்புறப் படுத்துப் பறந்திருக்கிறாள். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு சரிவு. காயலான் கடையில் வாங்கிய பேரிங்குகளைப் பலகையில் மாட்டிய வண்டி. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் கமலமும் சரசாவும். சரிவின் அடியில் இருந்த தண்ணீர் டேங்க்கின் சுவரை முதலில் தொட்டவள் ஜெயித்தவள். தோற்றவள்தான் ஜெயித்தவளின் பேரைச் சுவரில் சாக்பீஸால் எழுத வேண்டும். அது அவர்களே வைத்துக்கொண்ட சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையும் கமலத்தின் கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டன. பின்னால் வந்த சரசா பார்க்கவில்லை. “நான்தான்” என்று சொல்லிவிட்டாள் லோகநாயகி. கமலம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு குண்டு குண்டான எழுத்தில் ‘லோகநாயகி’ என்று எழுதி வைத்துவிட்டுப் போனவள், அந்தச் சரிவுக்குத் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் கல்யாண வீடுகளில் பார்த்தால் “சாப்டியா” என்பதோடு சரி.

நெமிலிச்சேரியில் இருக்கும் கமலத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இனியாவது அவள் பேரை எழுதியாக வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

“டேங்க்கைத்தான் இடிச்சிட்டாங்களே. எங்கடி எழுதுவே?”

“உன் ஊட்டு செவுத்துல.”

“இப்பதான் பெயின்ட் அடிச்சு கீது.” கமலம் மூக்கை உறிஞ்சினாள். “வா. மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் எடம் கீது.”

கொரட்டூரில் ரயிலேறிய லோகநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று முகத்தில் அறையும்படி சாய்ந்துகொண்டாள். கைப்பையில் ஒரு துண்டு சாக்பீஸ்.

மாடிப்படிக்குக் கீழே, முழங்கால் வலிக்கக் குனிந்து, ‘கமலம்’ என்று எழுதி முடித்தாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

“குடு இங்க. ஒம்பேரை யாரு எழுதறது?”