தூக்காத கை

ஜெனீவாவில் இருபத்திரண்டு குழுக்கள் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாக ஒரே ஒரு புதுத் துகளைத் தேடிக்கொண்டிருந்தோம். டோரினோ குழுவுக்கு நான், லூதோவிக்கோ, தலைவன். முடிவைப் பார்த்த பிறகு யாரும் கணக்கை வளைத்துவிடக் கூடாது என்பதற்காக, அளவீடுகளைப் பூட்டி வைத்திருந்தோம். இருபத்திரண்டு கையும் உயர்ந்தால்தான் பூட்டு திறக்கும். அந்த விதிக்கு நானும்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

இருபத்தொரு கை உயர்ந்தது. கொஷிட்சே குழுவின் யர்மிலா மட்டும் அசையவில்லை.

"என்ன யர்மிலா, கை சுளுக்கிக்கிச்சா?" என்றேன்.

"கருவி சூடேறுறதுக்கான வெப்பநிலைத் திருத்தத்தை யார் போட்டதுன்னு எங்கயுமே எழுதல. எல்லாக் குழுவையும் கேட்டுத் தெரிஞ்சுக்காம தூக்க மாட்டேன்."

"நாங்கதான் போட்டோம்! இதே துகளைத் தேடுற போட்டிக் குழு வெள்ளிக்கிழமை முடிவை அறிவிக்கப் போகுது. நீ குமாஸ்தா வேலை பாக்குற!"

"கத்தாத லூதோ," என்றாள் எங்கள் எல்லோருக்கும் தலைவியான சுல்வைக். "ஒரு கை கீழ இருந்தா, நானே நெனச்சாலும் திறக்க முடியாது."

வெள்ளிக்கிழமை, அப்படியொரு துகளே இல்லை என்று போட்டிக் குழு அறிவித்தது. எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. யர்மிலாவோ குழு குழுவாகப் போய் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் விஷயம் அகப்பட்டது. நாங்கள் போட மாட்டோம் என்று நினைத்து, பெர்கன் குழுவும் அதே திருத்தத்தைப் போட்டிருந்தது. ஒரே சூப்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

சரிசெய்தோம். இருபத்திரண்டு கையும் உயர்ந்தது. பூட்டு திறந்ததும் திரையில் வரைகோட்டின் நடுவே, துகளின் அடையாளமான அந்த மேடு எழுந்து நின்றது, சந்தேகத்துக்கே இடமில்லாமல். துகள் இருந்தது! ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. பிறகு பழைய கணக்கையும் ஓட்டிப் பார்த்தோம். மேடு கலைந்து காணாமல் போயிருந்தது. அன்றே திறந்திருந்தால் நாங்களும் இல்லையென்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

உலகத்துக்கு அறிவிக்கும் முறை அந்த வருஷம் எனக்கு. பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த மேடை அது. எழுந்தேன்.

"யர்மிலா பேசட்டும்," என்று நானே முதலில் கையைத் தூக்கினேன்.

இருபத்தொரு கை உயர்ந்தது. யர்மிலா முகம் சிவந்து, கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"மறுபடியும் நீதானா!" என்றேன்.

"இதுக்குப் பெரும்பான்மை போதும்," என்று சொல்லி, சுல்வைக் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினாள்.