பஸ்னாவுக்குப் பார்த்த வீடு

காத்தான்குடியில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு இல்லாமல் கல்யாணம் பேச முடியாது. மீராசாஹிபின் மகள் பஸ்னாவுக்கு மாப்பிள்ளை சரியாகியிருந்தது, வீடுதான் இல்லை. உன்னிச்சையிலிருந்த வயலை விற்றாவது ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்து, வாவிக்கரையோரம் விற்பனைக்கு வந்த பழைய வீட்டைப் பார்க்க மகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்காரி நபீஸா, கீல் கழன்ற கதவைத் தூக்கித் திறந்தார். கூரை மரத்தைக் கறையான் அரித்திருந்தது. குசினிச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. விலையைக் குறைக்கும் எண்ணத்தில் மீராசாஹிப் ஒவ்வொரு குறையையும் உரக்கச் சொன்னார்.

"ராத்தா, கூரை முழுக்கக் கழட்டணும். சுவரும் தேறாது. காணிக்கு மட்டும்தான் காசு தருவன்."

உள்ளறையிலிருந்து நபீஸாவின் மகள் பஹீமா வந்தாள்.

"என்ட மாப்பிள்ளையும் இதத்தான் சொன்னார், மாமா. கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து கூரையத் திருத்தித் தாங்க எண்டுதான் கேட்டார். உம்மாக்கு ஏலாமப் போச்சு. உட்டுட்டுப் போயிட்டார்."

"நீ உள்ளுக்குப் போ மகள்," என்ற நபீஸா, மீராசாஹிபின் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்ன விலைக்கே எடுங்க தம்பி. ஏறாவூர்ல தங்கச்சிட வளவுல ஒரு அறை இரிக்கி. நாங்க அங்க போறம்."

இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க அவரால் முடியும். ஆனாலும் "சரி ராத்தா" என்று மட்டும் சொன்னார்.

பாதையில் பஸ்னா கேட்டாள்: "கூரை வேலை சுணங்கினா எனக்குப் பேசின மாப்பிள்ளை என்ன செய்வார் வாப்பா? கேட்டுப் பாத்தீங்களா?"

அவருக்குக் கோபம் வந்தது. என்றாலும் அன்று பின்னேரமே மாப்பிள்ளையின் தகப்பனுக்கு அழைப்பெடுத்து, கூரை வேலை முடியச் சுணங்குமென்று சொன்னார்.

"அப்ப கொஞ்சம் பொறுப்பம்," என்றார் தகப்பன். "எங்களுக்கு வேற இடமும் வந்திரிக்கி."

அதன்பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. பஸ்னா அழவில்லை; ஆனால் வாப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் போன பிறகு வயலை விற்க மீராசாஹிபுக்குத் துணிவில்லை.

வீடு வேண்டாமென்று சொல்ல அவர் போனபோது, முற்றத்தில் துணி மூட்டைகளும் சட்டிபானைகளும் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவர் விஷயத்தைச் சொன்னதும் நபீஸா மூட்டையை விட்டு எழுந்து வந்தார்.

"இன்னும் குறைச்சுத் தாங்க தம்பி. காணி விலை கூட வேணாம். மாரி வந்தா இந்தச் சுவர் நிக்காது."

"ஏலாது ராத்தா."

பஹீமா குந்தியிருந்து மூட்டைகளை அவிழ்க்கத் தொடங்கினாள்.