வீரமுத்து நட்ட வரிசை

பஞ்சாலை தன் கொல்லையில் எதையும் வீணாய்ப் போகவிடமாட்டாள். மரவள்ளிக் கொழுந்தைக் கீரையாக அவித்துக்கொள்வாள். கிழங்குத் தோலைக் குழியில் போட்டு எருவாக்குவாள். தண்டில் கணு நெருங்கிய பகுதியை அடுத்த நடவுக்கு வெட்டி வைப்பாள். மிச்சம் காய்ந்து அடுப்புக்குப் போகும். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்தபின் தோட்டத்து ரப்பர்ப் பாலை வாங்க ஆளில்லை. அந்த மரங்கள் விறகுக்குத்தான் ஆயின. காற்றில் முறிந்த கிளைகளை இழுத்துவந்து கூலிகள் குடியிருந்த லயத்துச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தாள்.

அவள் தொடாத ஒரு மரவள்ளி வரிசை மட்டும் கொல்லையில் இருந்தது. வீட்டுச் சுவரை ஒட்டி, அவள் புருஷன் வீரமுத்து நட்டது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அவன் பெயரையும் கூப்பிட்டார். லாரி வருவதற்கு முன்னால் அவன் அந்தத் தண்டுகளை ஊன்றி முடித்தான்.

"பத்து மாசத்துல புடுங்கலாம். அதுக்கு முன்னாடியே நான் வந்துருவேன். மூணு மாச வேலதான்னு மண்டோரு சொல்றாரு."

"வந்து நீங்களே புடுங்குங்க" என்றாள் பஞ்சாலை.

பத்து மாதம் கடந்தது. மற்ற வரிசைகளைப் பறித்துத் தின்றாள், நட்டாள், மறுபடி பறித்தாள். சுவரோரத்துச் செடிகள் கூரைக்கு மேல் வளர்ந்தன. அடித்தண்டு அவள் மணிக்கட்டைவிடப் பெருத்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தாயம்மா சீண்டுவாள். "சயாம்லேருந்து வர்ற மனுசன் மரவள்ளியா கேப்பாரு? சோறு எங்கடின்னு கேப்பாரு. அந்தக் கெழங்க நாம தின்னா ஆகாதா?"

"அவரு வரட்டும்க்கா."

"வரட்டும்லா. வந்தா உன்ன அடையாளம் தெரியணுமே. எலும்பும் சாக்குமாவுல்ல நிக்கிற."

இருவரும் சிரித்தார்கள். பஞ்சாலை அன்று உடுத்தியிருந்தது கோணிச் சாக்குதான்.

அந்த வருஷத்து மழையில் காட்டுப்பன்றிகள் இறங்கின. லயத்தார் அத்தனை பேரின் கொல்லையையும் கிளறிப் போட்டுவிட்டுப் போயின. சுவரோர வரிசை மட்டும் தப்பியது. பஞ்சாலை வாழைத்தண்டை அவித்தாள், பப்பாளிப் பிஞ்சை அவித்தாள். தாயம்மாவுக்குக் கால்கள் வீங்கின. அவள் இப்போது சீண்டுவதில்லை. வாசலில் உட்கார்ந்து அந்தச் செடிகளைப் பார்ப்பாள். பஞ்சாலை வெளியே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதுதான் பஞ்சாலைக்குத் தாங்கவில்லை.

பறித்துவிட்டால் அவன் வரமாட்டான் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குள்ளும் அப்படிச் சொற்களாகச் சொல்லிக்கொண்டதில்லை. கை தண்டின் அருகே போகும், திரும்பிவிடும்.

ஒருநாள் மத்தியானம் நல்லசாமி கொல்லை வழியாக வந்தான். ரஹாங் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரன், வீரமுத்துவின் கூட்டாளி. அவனோடு ஒரே லாரியில் ஏறியவன். காலில் புண்ணைச் சுற்றி வாழைச் சருகும் கந்தலும் கட்டியிருந்தான். குரலைக் கேட்டுத்தான் அவளுக்கு ஆள் தெரிந்தது.

"தண்ணி குடு தங்கச்சி."

குடித்தான். மறுபடி கேட்டுக் குடித்தான். செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"எப்பண்ணே வந்தீங்க?"

"ஓடியாந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லாத."

"தனியாவா?"

"தனியாத்தான்."

ரப்பர்க் காய்கள் வெயிலில் வெடித்து விழும் ஓசை தோட்டத்துக்குள்ளிருந்து கேட்டது. அவர் எங்கே என்ற கேள்வி பஞ்சாலையின் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. அவன் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிழல் சுவரிலிருந்து இறங்கிச் செடிகளைத் தொட்ட பிறகும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"அண்ணே, அது அவரு நட்டது" என்றாள் கடைசியில். "வந்து புடுங்குவாருன்னு விட்டு வச்சிருக்கேன்."

நல்லசாமி அந்த வரிசையைப் பார்த்தான்.

"இன்னும் விட்டு வைக்கட்டுமா, புடுங்கிரவா?"

அவன் பார்வை ஒவ்வொரு செடியாகப் போய் வரிசையின் கடைசியில் நின்றது.

"புடுங்கிரும்மா."

மண்வெட்டியை எடுத்து வந்தாள். புண் காலை ஊன்றி அவனும் தண்டைப் பிடித்து இழுத்தான். மண் விடவில்லை. தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கிழங்குகள் கை தடிமனுக்கு இருந்தன. கத்தி எளிதில் இறங்கவில்லை, வெட்டிய இடத்தில் மாவுக்குப் பதில் நார் தெரிந்தது. இருந்த நல்ல விறகையெல்லாம் வைத்து அந்தி சாயும்வரை அவித்தாள். அப்போதும் வேகவில்லை. நல்லசாமி ஒரு துண்டை மென்று பார்த்தான். சக்கையைத் துப்பாமல் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"கட்டையாயிருச்சும்மா."

"ம்."

அவித்த தண்ணீரைக் குடித்துவிட்டு, இருட்டுமுன் அவன் கிளம்பிப் போனான்.

மறுநாள் தண்டுகளை அளவாய் வெட்டிப் பன்றி கிளறிய மண்ணில் நட்டாள். கிழங்குகளைக் கோடரியால் பிளந்து தகரக் கூரையில் காயப் போட்டாள். அவை சுருங்கி, தட்டினால் டக்டக்கென்று ஒலிக்கும்வரை விட்டாள். பிறகு ஒரு காலையில் அவற்றை விறகாக அடுப்பில் வைத்து மேலே கீரைச் சட்டியை ஏற்றினாள்.

ரப்பர் விறகைப் போல் அவை எரியவில்லை. முதலில் கருகின, பிறகு சுட்ட கிழங்கின் வாசம் எழுந்தது. புகையோடு அது கூரை வழியே லயம் முழுக்கப் பரவியது.

தாயம்மா வீங்கிய கால்களை இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் தட்டு.

"என்னடி சுடுற? புள்ளைங்கல்லாம் மூக்கத் தூக்கிட்டு நிக்குதுங்க."

பஞ்சாலை அடுப்பை விட்டு ஒதுங்கினாள். தாயம்மா குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பின்கதவு வழியே சுவரோரத்தைப் பார்த்தாள். அங்கே மண் மட்டும் கிடந்தது. அந்த வரிசை யாருக்காக விட்டு வைத்தது என்று அவளுக்குத் தெரியும். தட்டைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

அடுப்பிலிருந்து ஒரு துண்டு நழுவி வெளியே வந்தது. தாயம்மாதான் அதை உள்ளே தள்ளினாள்.

கீரை வேகும்வரை இருவரும் அடுப்பருகே இருந்தார்கள். வெளியே பிள்ளைகள் போகாமல் நின்றிருந்தார்கள்.