நாளைய டப்பா

...பதினொன்று, பன்னிரண்டு, பூசணி விதையை எண்ணிச் சாப்பிடும்படி யாரும் சொல்லவில்லை, ஒரு கைப்பிடி என்றுதான் எழுதியிருந்தது, எண்ணாவிட்டால் வாய் மெல்வதை மறந்துவிடுகிறது, அதனால்தான்... செயற்கைப் பல் செய்யும் அந்தக் கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மெழுகில் பாதி வடித்த கடைவாய்ப்பல் எதிரே கிடந்தது, யாருக்கோ, அவர் எதையாவது ஆசையாகக் கடிப்பார்... அவள் டப்பாவில் கீரை, அவித்த முட்டை, பயறு, மாதுளை. நாலு வருஷமாக இதேதான். கரு தங்க உடம்பு தெம்பாக இருக்க வேண்டும் என்று உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் பழுப்பேறிவிட்டது. கணவனுக்கும் ஒரு தாள் கொடுத்தார்களே, அது எங்கே, சட்டைப் பையோடு துவைபட்டுப் போனதா, கேட்டால் சிரிப்பான், கேட்பதையும் விட்டுவிட்டாள். இந்த மாதமும் நாள் தள்ளிப் போகவில்லை. காலையில் குளியலறையில் கறையைப் பார்த்தாள், அழுகை வரவில்லை, முன்பென்றால் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருப்பாள், இன்று துணியை அலசிப் போட்டாள், பஸ்ஸைப் பிடித்தாள், அவ்வளவுதான்... அவ்வளவுதானா? "என்னடி, டப்பாவை முறைச்சுக்கிட்டே இருக்கே, அது உன்னை என்ன பண்ணுச்சு?" என்றாள் பக்கத்து மேசையில் பல்லுக்கு மெருகு போடும் அக்கா. ஒன்றுமில்லைக்கா என்றாள், உண்மையும் அதுதான், ஒன்றுமே இல்லை.

கைபேசி அதிர்ந்தது. மாமியார். பாவம், மருமகள் மட்டும் பத்தியம் இருக்கக் கூடாதென்று அவரும் இதையேதான் சாப்பிடுகிறார், தெம்பு வந்ததென்னவோ அவருக்குத்தான், மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறார்... "கீரையை மிச்சம் வைக்காம சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன் அத்தை." சொல்லிவிடலாமா, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாமா, சொன்னால் ஒரு பெருமூச்சு, அப்புறம் இன்னும் பெரிய மாதுளையாகத் தேடி வாங்கி வருவார்... "வந்துடுச்சு அத்தை, காலையிலேயே." தானாக வாயிலிருந்து விழுந்தது. அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம். பெருமூச்சைக் காணோம். "சரிம்மா. அந்தத் தாள் கிடக்குது விடு. நாளைக்கு உனக்குப் பிடிச்சதைக் கட்டித் தரேன். என்ன வேணும், சொல்லு."

சொல்ல வாயெடுத்தாள்... இனிப்பா, புளிப்பா, பொரித்ததா, கல்யாணத்துக்கு முன்னால் தங்கையோடு ஒரு தட்டுக்காக மல்லுக்கு நிற்பாளே, அதில் என்ன இருந்தது... தங்கையின் முகம் வருகிறது, இரண்டு பேரும் பிடித்து இழுத்த தட்டு வருகிறது, தட்டில் ஒன்றும் இல்லை. "என்னம்மா, லைன்ல இருக்கியா?" இருக்கேன் அத்தை, என்றாள், யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.