வெச்சிடுங்க!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்கிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, அன்று பொழுது விடியும் முன்பே சைக்கிளோடு கிளம்பிவிட்டாள் ஷண்முகப்ரியா. அசோக் நகர் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் யோசனையா ஓடும்? ஆளாளுக்கு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாப்பிள்ளை சக்திவேல். கே.கே. நகரில் நகைக்கடை. அவளுடைய அப்பா கணேசமூர்த்திக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பையன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் தொல்லையே! போன வாரம் பார்த்தபோது மட்டும், "கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித் தனியா சைக்கிள்ல சுத்துவீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். விளையாட்டுக்குக் கேட்டானா, வினையாகக் கேட்டானா? அடையாறு தாண்டியும் அதே நினைப்பு, முட்டுக்காடு தாண்டியும் அதே நினைப்பு.

கோவளத்தில் தண்ணீர் குடிக்க நின்றாள். மீன் கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்ணொருத்தி, "இன்னாம்மா, தனியாவா போய்க்கினு கீற? காத்து எதிர்த்தாப்ல கீது, திரும்பிப் போ" என்றாள்.

"ஒரு முடிவு கிடைச்சதும் திரும்பிடறேன்க்கா."

"நல்லா கீதே கதை!"

மகாபலிபுரம் தாண்டியதும் தென்காற்று சனியன் மாதிரி பிடித்துக்கொண்டது. சவுக்குத் தோப்பெல்லாம் தலைவிரித்து ஆடியது. சரி என்று சொல்லிவிடலாம் என்று கொஞ்ச தூரம் தோன்றும்; சே, எதற்கு என்று அடுத்த கொஞ்ச தூரம் தோன்றும். இறங்கி இளைப்பாறவும் மனசு கேட்கவில்லை.

பாலாற்றுப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. ஹேண்டில்பார் கையில் நிற்கவில்லை. பின்னால் பஸ் ஹாரன். அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்! காதில் மாட்டியிருந்த இயர்போனில் அப்பாவின் குரல்.

"யம்மா... மாப்ள வீட்டுக்காரவுக இப்பவே வந்துட்டாக... ஆடிக்கு முன்னாடி... வெச்சிருவமா?"

மீதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

"அப்பா, பாலத்துல போயிட்டிருக்கேன்! ஒண்ணும் கேக்கல! வெச்சிடுங்க, வெச்சிடுங்க!" என்று கத்தினாள்.

பாலம் முடிந்ததும் ஓரமாக இறங்கிப் போனைப் பார்த்தாள். அம்மா ஒரு படம் அனுப்பியிருந்தாள். கூடத்தில் இரண்டு அப்பாக்களும் தாம்பூலத் தட்டைப் பிடித்தபடி பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்கள். கீழே, "நீ சரின்னு சொன்னதும் அப்பாவுக்குத் தலைகால் புரியல. நிச்சயத்துக்குத் தேதி வெச்சாச்சு!"

அட கடவுளே! போனை வைக்கச் சொன்னால் தேதியை வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து எவ்வளவு மிதித்தும் வராத பதில் இப்போது வந்துவிட்டது. வேண்டாம். இந்தக் கல்யாணம் வேண்டவே வேண்டாம்.

உடனே கூப்பிட்டாள். "அப்பா, நான் போனைத்தான் வைக்கச் சொன்னேன்."

கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெரியும்மா. ஒண்ணும் கேக்கலன்னு நீ சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். என் அப்பாவா இப்படி!

"அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

"சாப்பிட்டுட்டு இருக்காக."

"ஸ்பீக்கர்ல போடுங்கப்பா."

"யம்மா, சொன்னா கேளு..."

"போடுங்க."

கூடத்துச் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் காதில் விழுந்தன. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஒரு வார்த்தையும் சிதறாதபடி ஷண்முகப்ரியா பேச ஆரம்பித்தாள்.