ஆய்வுக்கு நாற்பது மைல்

முதல் போக்குவரத்து ஆய்வு முடிந்த வாரம் ஹால்ஸ்டாட் கவுண்டி என்ற மாவட்டத்தின் பதினேழாம் எண் சாலை நாற்பது மைல் நீண்டது. அதுவரை வெர்னா டோஸ்ட்ரூடின் பண்ணைக்கும் மருத்துவமனைக்கும் பன்னிரண்டே மைல். ஆய்வுக்குழு சாலையின் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு வண்டிகளை எண்ணியது, வருங்காலத் தேவைகள் என்று முந்நூறு பக்கம் எழுதிக் கொடுத்தது, போய்விட்டது. மறுநாள் ஐம்பத்திரண்டு மைல். நடுவில் முளைத்த சோளக்காடுகளுக்கு யாரும் உரிமை கோரவில்லை. அடுத்தடுத்த ஆய்வுகளுக்கும் அதே நாற்பதுதான். மற்றவர்கள் வேறு ஊர்க் கடைகளுக்குப் போய்ச் சமாளித்தார்கள். வெர்னாவால் முடியுமா? அவள் கணவர் ஓர்விலுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் அந்த மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர்.

ஏழாவது ஆய்வுக்கான கூட்டம் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில், காப்பியும் எலுமிச்சை கேக்குமாக நடந்தது. கவுண்டிப் பொறியாளர் லேலண்ட் பிரெக்கெ பேச ஆரம்பிக்குமுன் வெர்னா எழுந்துவிட்டாள்.

"லேலண்ட், உனக்குப் புண்ணியமாப் போகும், ஆய்வே வேண்டாம்ப்பா. நீங்க எண்ண எண்ண அது நீளுது!"

"அளக்காம நீளுதுன்னு எப்படிம்மா எழுதறது? அதுவுமில்லாம, யாருமே குறை சொல்லலையே."

கருத்துப் படிவங்களை நீட்டினார். நானூற்றுப் பத்திலும் 'பரவாயில்லை' என்றே குறியிட்டிருந்தது. அந்த ஊரில் முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதைக்கேடு. காலொடிந்து கிடப்பவனும் பரவாயில்லை என்றுதான் சொல்வான். புரட்டிக்கொண்டே போன வெர்னா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர்விலின் நடுங்கிய கையெழுத்தைக் கண்டாள்.

"அட பாவி மனுஷா! நீங்களுமா?"

"லேலண்டே தன் கையால காப்பி ஊத்திக் குடுத்தான், வெர்னா. எப்படிச் சொல்றது?"

 வெர்னா அவர் பேனாவைப் பிடுங்கித் தன் படிவத்தில் 'படுமோசம்' என்று தாள் கிழிய எழுதினாள். கவுண்டியின் வரலாற்றில் வந்த முதல் புகார் அது. விதிப்படி, புகார் வந்தால் தனி ஆய்வு செய்ய வேண்டும்.

ஏழாவது அறிக்கையோடு தூரம் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டானது. பசுக்களையும் பண்ணையையும் விற்றுவிட்டு, மருத்துவமனைக்கு நேர் எதிரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். ஆறு மாதம் ஓர்வில் கைத்தடியோடு தெருவைக் கடந்து போய்வந்தார். பிறகு தனி ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். புகார்தாரர் குடியிருக்கும் தெருவிலிருந்து தொடங்குவதுதான் முறை என்றார்கள்.

இப்போது ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறரைக்குத் தெருவின் எதிர்ச்சாரியிலிருக்கும் மருத்துவமனையை அடைந்துவிடலாம். வெர்னாதான் ஓட்டுகிறாள். ஓர்வில் பின் இருக்கையில் தூங்கிவிடுகிறார்.